தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

கிறிஸ்து பிறப்புக் காலத்தை ஒட்டிச் சிறுவர்க்கென எடுக்கப்படும் திரைப்படங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பனி பொழியும், மணி ஒலிக்கும், நம்பிக்கை இழந்த ஒருவர் முடிவில் நம்பத் தொடங்குவார். எதை நம்பினார் என்று கேட்டால் விடை இராது. இத்தகைய படங்களுக்கு நடுவே, விடை சொல்லியே தீர வேண்டிய கேள்வி ஒன்றை எழுப்பிய படம் ‘ஆர்தர் கிறிஸ்மஸ்’. 2011இல் திரையரங்குகளுக்கு வந்து, அடுத்த ஆண்டே டி.வி.டி.யாகவும் வெளியான ஆங்கிலக் கார்ட்டூன் படம் இது. அது கேட்கும் கேள்வி எளியது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பரிசு தவறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு சிறுமிக்கு மட்டும் சேரவில்லை. அந்த ஒருத்தி கணக்கில் வருவாளா, மாட்டாளா?

1972இல் தொடங்கப்பட்ட, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஆர்ட்மன் நிறுவனம், களிமண் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடிக்கும் கலையால் உலகப் புகழ் பெற்றது. இப்படத்தையோ அது சோனி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, கணிப்பொறியின் துணையுடன் உருவாக்கியது. இயக்கியவர் சாரா சுமித். பீட்டர் பேன்ஹாமுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே. கருவி மாறினாலும் அந்நிறுவனத்துக்கே உரிய நகைச்சுவையும், வீட்டுக்குள் நிகழும் சிறு பிணக்குகளைக் கூர்ந்து காணும் பார்வையும் மாறவில்லை.

கதை வடதுருவத்தில் நடக்கிறது. கிறிஸ்மஸ் தாத்தா என்பது இங்கே ஒருவரின் பெயரன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் பதவி. இப்போது அப்பதவியில் இருப்பவர் மால்கம். அவர் பெயரளவில்தான் தலைவர். மூத்த மகன் ஸ்டீவின் மேலாண்மையில், மாபெரும் விண்கலம் ஒன்றும், ஆயிரக்கணக்கான குள்ளர்களும், கணிப்பொறித் திரைகள் நிறைந்த கட்டுப்பாட்டு அறையும் பரிசு வழங்கும் பணியை ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. இளைய மகன் ஆர்தர் எதற்கும் உதவாதவன் எனக் கருதப்பட்டு, குழந்தைகளின் கடிதங்களுக்கு விடை எழுதும் பிரிவில் அமர்த்தப்பட்டிருக்கிறான். அன்றிரவு, விண்கலத்தில் ஒரு குள்ளர் அறியாமல் ஒரு பொத்தானின்மீது சாய்ந்துவிட, ஒரு பொதி தடம் மாறி விழுகிறது. அது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழும் குவென் என்னும் சிறுமி கேட்டிருந்த மிதிவண்டி.

செய்தி தெரிந்ததும் ஸ்டீவ் கலங்கவில்லை. இத்தனை கோடிப் பரிசுகளில் ஒன்று தவறுவது பொறுத்துக்கொள்ளத்தக்க பிழை. வரலாற்றிலேயே இவ்வாண்டுதான் பணி மிகச் சிறப்பாக நடந்திருக்கிறது என்பது அவன் வாதம். கணக்கின்படி அவன் சொல்வது முற்றிலும் சரி. அதுதான் இக்காட்சியை அச்சந்தருவதாக ஆக்குகிறது. ஆர்தரிடம் இதற்கு எதிர்வாதம் இல்லை. அவனிடம் இருப்பது அச்சிறுமியின் கடிதம் மட்டுமே. அதைப் படித்தவன் அவன். விடை எழுதியவனும் அவன். பிறருக்கு அவள் ஓர் எண். அவனுக்கு அவள் ஒரு பெயர்.

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பாலை நிலத்தில் விட்டுவிட்டு, தொலைந்த ஒன்றைத் தேடிச் செல்லும் ஆயனின் செயல், மேலாண்மை நூல் எதிலும் ஏற்கப்படாத செயல். நூற்றுக்கு ஒன்று என்பது எந்த மந்தையிலும் எதிர்பார்க்கக்கூடிய இழப்பே. இந்த உவமையை நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், அதன் நியாயமற்ற தன்மை நம்மை உறுத்துவதில்லை. வேற்று உடையில், வேடிக்கையாக, அதே கேள்வி வந்து நிற்கும்போது உறுத்துகிறது. நாம் ஸ்டீவின் பக்கம் நின்று தலையசைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

படத்தின் கூர்மை இத்துடன் நிற்கவில்லை. ஆர்தருடன் புறப்படும் பழைய தாத்தா, தம் காலத்து மரச் சறுக்குவண்டியைத் தூசி தட்டி எடுத்து, கலைமான்களைப் பூட்டுகிறார். பழைமையின் எளிமை புதுமையின் இயந்திரத்தை வெல்லும் கதை இது என நாம் எண்ணத் தொடங்குகிறோம். அப்படியில்லை. கிழவருக்கும் அச்சிறுமியைப் பற்றி அக்கறை இல்லை. தம் திறமையை உலகுக்கு மீண்டும் காட்டுவதே அவர் நோக்கம். மால்கமுக்குப் பதவியை விட மனமில்லை. ஸ்டீவுக்கோ தனக்கு வர வேண்டிய பதவி கைக்கு வரவில்லையே என்ற புழுக்கம். மூவரும் மூன்று விதமாக ஒரே பணியைச் செய்கிறார்கள். மூவர் பார்வையும் தம்மீதே படிந்திருக்கிறது. திறமை, பதவி, பழம்பெருமை ஆகிய இம்மூன்றும் அறப்பணியில் ஈடுபடும் எவரையும் தேடி வரும் சோதனைகளே. நம் பங்குப் பேரவைகளையும் பக்த சபைகளையும் சற்றே நினைத்துப் பார்த்தால், இம்மூவரையும் பெயர் சொல்லி அழைக்க நமக்கு முடியும். கண்ணாடியில் பார்த்தாலும் முடியலாம்.

முடிவில், பலமுறை வழி தவறி, வண்டியையும் இழந்து, ஆர்தர் அந்த வீட்டை அடைகிறான். மற்றவர்களும் வந்து சேர்கிறார்கள். யார் பரிசை வைப்பது என்பதில் அங்கும் ஒரு தகராறு. குழந்தை விழிக்கும் நேரம் நெருங்குகிறது. அவளுக்காகவே வந்தவன் ஒருவன்தான் என்பதை மூவரும் அப்போது உணர்ந்து விலகி நிற்கிறார்கள். பதவி ஆர்தருக்குச் செல்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஸ்டீவ் விரட்டப்படவில்லை. விண்கலமும் உடைத்தெறியப்படவில்லை. நிர்வாகம் ஸ்டீவிடமே இருக்கிறது. அது யாருக்காக என்பது மட்டும் மாறுகிறது.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது. தொடக்கத் திருச்சபையில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதைச் சிறு பிழை என்று ஒதுக்கவில்லை. பங்கீட்டையே கைவிடவும் இல்லை. நற்சான்று பெற்ற, தூய ஆவியால் நிறைந்த எழுவரைத் தேர்ந்து அப்பணியை ஒப்படைத்தார்கள். அன்புக்கு ஒழுங்கு பகையன்று. விடுபட்டவரின் குரலைக் கேட்கும் செவி அவ்வொழுங்கில் இருக்க வேண்டும், அவ்வளவே. அந்த எழுவரில் ஒருவரான ஸ்தேவானின் திருநாளை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் நாம் கொண்டாடுகிறோம்.

இனி, படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, அது தன் முன்னோரை மறந்துவிட்டது. கிறிஸ்மஸ் தாத்தாவின் வேர், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். அவரது திருப்பண்டங்கள் 1087இல் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுவரப்பட்டன. திருநாள் டிசம்பர் 6. திருமணச் சீர் கொடுக்க வழியின்றி இழிநிலைக்குத் தள்ளப்படவிருந்த மூன்று சகோதரிகளின் வீட்டில், இரவில் எவரும் அறியாமல் அவர் பொற்காசுகளை இட்டார் என்பது மரபுச் செய்தி. டச்சு மக்களின் வழக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, 1823இல் வெளியான ஒரு கவிதையாலும், 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த ஓவியங்களாலும் அந்த ஆயர் சிறிது சிறிதாகத் தொந்தி பெருத்த தாத்தா ஆனார். ஆயரின் கோல் போயிற்று. அதனோடு ஏழைகளும் போயினர். ஆர்தர் தேடிச் செல்லும் சிறுமி நல்ல வீட்டுக் குழந்தை. மிதிவண்டி வராவிட்டால் அவள் மனம் நோகும், வாழ்வு கெடாது. நிக்கோலாஸ் தேடிச் சென்ற பெண்களுக்கோ அந்தப் பொற்காசுகள் வராவிட்டால் வாழ்வே இல்லை. மறக்கப்பட்ட குழந்தைக்காகக் கண்ணீர் வடிக்கும் படம், என்றுமே பட்டியலில் ஏறாத குழந்தைகளை நினைக்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இக்கதையில் குடிலுக்கு இடமில்லை. விழா இருக்கிறது, விழாவுக்குரியவர் இல்லை. சத்திரத்தில் இடம் கிடைக்காத அதே குழந்தைக்கு இங்கும் இடமில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் எருதையும் கழுதையையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அவர் காட்ட விரும்பியது இறைமகனின் வறுமையை. கொடுப்பவர் மேலிருந்து இறங்கி வந்து பரிசை வைத்துவிட்டு மறைவது தாத்தாவின் கதை. கொடுப்பவரே பரிசாகி, நம்மோடு தங்கிவிடுவது நற்செய்தி. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை எந்தத் திரைப்படமும் தானாக நிரப்பாது. பெற்றோர்தாம் நிரப்ப வேண்டும்.

அங்குதான் இதை வீட்டில் டி.வி.டி.யில் பார்ப்பதன் பயன் இருக்கிறது. திரையரங்கில் படம் நம்மை இழுத்துச் செல்லும், நிறுத்த முடியாது. தொலைக்காட்சியில் விளம்பரம் குறுக்கிட்டு, பரிசு கொடுக்கச் சொல்லும் படத்துக்கு நடுவே பொருள் வாங்கச் சொல்லும். இணையத்தில் ஒரு படம் முடியுமுன்னே அடுத்தது வந்து நிற்கும். டி.வி.டி.யோ கையில் எடுத்து, விரும்பிப் போட்டு, முடிந்ததும் உறைக்குள் வைக்கும் பொருள். ஒரு நூலைப் போன்றது. ஸ்டீவ் தன் கணக்கைச் சொல்லி முடிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, “இவர் சொல்வது சரியா?” என்று பிள்ளைகளைக் கேட்கலாம். வீட்டிலுள்ள முதியவருக்காக ஆங்கில உரையாடலைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, வீட்டுக்குள் நுழையும் காட்சிகளைக் குறித்து விழிப்பாயிருக்கும் கடமையைப் பெற்றோருக்கு உரியதாக்கியது. விழிப்பு என்றதும் தடுப்பதையே நாம் நினைக்கிறோம். அருகில் அமர்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பேசுவதும் அதைவிடக் கடினமான விழிப்பு.

திருவருகைக் காலத்தில் நம் பங்குகளில் உடைகளும் அரிசியும் கேக்கும் வழங்கப்படுகின்றன. அன்பியம் வாரியாகப் பெயர்கள் எழுதப்படுகின்றன. விழா முடிந்தபின் இத்தனை குடும்பங்கள் பயன்பெற்றன என்று அறிக்கை வாசிக்கப்படுகிறது. அது நல்ல பணி, எண்ணிக்கையும் வேண்டியதே. ஆனால் பட்டியல் எழுதும் நாளில் ஊரில் இல்லாதவர், வாடகை வீடு மாறிப் போனவர், கேட்கக் கூச்சப்பட்டு வராமலிருந்த கைம்பெண் ஆகியோர் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பார்கள். இவ்வாண்டு அறிக்கை எழுதப்படுமுன், யாராவது ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்து, அதில் இல்லாத பெயர் எது என்று கேட்பாராக. கேட்டபின், மழையானாலும் இருட்டானாலும், அந்த ஒரு வீட்டுக்கு நடந்து செல்வாராக.