சக்கரம் வந்தது, நேரம் யாரிடம் இருக்கிறது?

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை நமக்குத் தெரிந்த கதைதான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று பலரும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ நூலில் இதை ஒரு தனிக் கட்டுரையாக எழுதினார். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்ற செய்தி அதில் வருகிறது. பிற்பாடு அக்கட்டுரை இந்தியில் பள்ளிப் பாடமாகவும் ஆனது.

‘வீட்டைவிட்டு வெளியே வந்த பெண்’, ‘சுதந்திரத்தின் சக்கரம்’ என்றே பெரும்பாலும் இதை வாசித்திருக்கிறோம். அந்த வாசிப்பு தவறில்லை. தெருவில் கேலி செய்தவர்களைத் தாண்டி ஓட்டிய பெண்களின் துணிச்சல் சிறியதல்ல. ஆனால், அதே கட்டுரையில் பெண்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்கள் பேச்சு நேரத்தைச் சுற்றியே வருகிறது. பேருந்துக்காகக் காத்திருந்தது, கூட்டிப்போக அப்பனோ அண்ணனோ புருஷனோ வரும்வரை உட்கார்ந்திருந்தது, விளைபொருளை விற்று முடிப்பதற்குள் தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் ஓடிவர வேண்டியிருந்தது. சைக்கிள் தூரத்தைக் குறைத்ததைவிட, இந்த ஓட்டத்துக்கு நடுவே கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது என்பதே அவர்கள் அனுபவம்.

அதில் ஒரு சிறு தகவல் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் விரும்பியே அதைத் தேர்ந்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். சக்கரம் கிடைத்ததால் குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு இன்னொருவர் கைக்கு மாறிவிடவில்லை. அது கம்பிமேல் ஏறி அவளோடு வந்தது. தண்ணீர்க் குடமும் கேரியரில் ஏறியது. மிச்சமான நேரத்தில் எத்தனை நிமிடம் அவளுக்கென்று நின்றது என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவில்லை. அதன் வெளிச்சமெல்லாம் சாலையில் விழுகிறது, அடுப்படியில் விழவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கருவி உண்டு. ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் ஒரு கட்டுரையில், மனிதர் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதை மூன்று தடைகள் தீர்மானிக்கின்றன என்றார். முதலாவது, நம் உடலாலும் கையிலுள்ள வாகனத்தாலும் எவ்வளவு முடியும் என்பது. இரண்டாவது, யாரோடு, எந்த நேரத்தில், எங்கே இருந்தே தீர வேண்டும் என்பது. மூன்றாவது, அந்த இடம் எப்போது திறக்கும், யாரை உள்ளே விடும் என்பது. ஆனால் இந்தக் கணக்கில் நடமாடும் உடலுக்குப் பால் இல்லை, பயம் இல்லை என்று பெண்ணியப் புவியியலாளர் கில்லியன் ரோஸ் 1993இல் விமர்சித்தார். அந்த விமர்சனத்தோடு சேர்த்துப் பார்த்தால் புதுக்கோட்டைக் கதை தெளிவாகிறது. சைக்கிள் முதல் தடையைத்தான் உடைத்தது. மற்ற இரண்டும் அப்படியே நின்றன.

இன்றைக்கு வருவோம். 2024இல் புதுக்கோட்டை, சுற்றியிருந்த ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2017 முதல் நகருக்கு வெளியே முள்ளூரில் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் பக்கம்தான். ஆனால் ஊரின் இந்த விளிம்பில் குடியிருக்கும் பெண்ணுக்கு அந்த விளிம்பில் இருக்கும் மருத்துவமனை எவ்வளவு பக்கம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 8.30க்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். 12.30க்குப் படுக்கையில் இருக்கும் மாமனாருக்குச் சோறு கொடுக்க வேண்டும். இடையில் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். நிறுத்தத்துக்கு நடை 15, காத்திருப்பு 30, பயணம் 20 என்று வைத்தால், போக வர 130 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 110. சீட்டு வாங்கும் வரிசை, மருத்துவர் அறை வாசல், மாத்திரை வாங்குமிடம் எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் வைத்தியம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ ஒருவழிக்கு அரைமணி என்றால் மிஞ்சுவது 180. அந்த 70 நிமிடம்தான் புதுக்கோட்டைப் பெண்கள் அன்று கண்டுபிடித்த செல்வம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பின்னர் அதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. புருஷனிடம் பஸ் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம். இதை ‘ஓசி’ என்று இளக்காரம் பேசுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும், மேலே போட்ட கணக்கில் டிக்கெட் விலை பூஜ்யமான பிறகும் 110 நிமிடம் 110 நிமிடமாகவே இருக்கிறது. எதிரே வந்து நிற்கும் புறநகர்ப் பேருந்தில் இலவசம் கிடையாது என்பதால் நகரப் பேருந்துக்குக் காத்திருந்தால் அது இன்னும் குறையும். காசில்லாதவள் காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறாள்.

அந்த நேரம் அவளிடம் இருக்கிறதா? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். 2024 கணக்கெடுப்பில் இது முறையே 289, 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி ஏறக்குறைய அசையவே இல்லை.

எனவே சைக்கிளையும் இலவசப் பேருந்தையும் கொண்டாடும்போதே நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இத்தனை கிலோமீட்டருக்குள் மருத்துவமனை இருக்கிறது என்று சொல்லும் அரசு, எத்தனை மணிக்கு அது யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கூலிக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு மாலையில் மருத்துவர் வேண்டும். ரேஷன் கடை திறக்கும் நேரமும் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் முன்கூட்டியே தெரிய வேண்டும். காலை பத்தரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும்கூட நகரப் பேருந்து வேண்டும், ஏனென்றால் பெண்களின் பயணம் அலுவலக நேரத்தில் மட்டும் நடப்பதில்லை.

இவை அரசிடம் கேட்பவை. இன்னொன்றை வீட்டுக்குள் கேட்க வேண்டும். மாமனாருக்கு 12.30க்குச் சோறு போட வீட்டில் வேறு கை எழுந்தால், எந்தத் திட்டமும் இல்லாமலே அவளுடைய நான்கு மணி நேரம் ஒரு முழுப் பகலாகும். சக்கரம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பெண்கள் வீதிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அடுப்படிக்கு வர ஆண்களுக்கு எந்த இயக்கமும் இன்னும் நடக்கவில்லை.