மஞ்சள் கோடும் ஓரக்குறிப்பும்

நீண்ட ஆவணங்களைத் திரையில் வாசிப்போர், பிடித்த வரிகளின்மேல் விரலை ஓட்டி மஞ்சள் பூசி வைக்கின்றனர். பிறகு ஊன்றிப் படிக்கலாம் என்பது எண்ணம். அந்தப் ‘பிறகு’ வரும்போது மஞ்சள் நமக்கு எதைச் சொல்கிறது என்பது ஆராயத்தக்கது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வழங்கிய ‘அன்பின் மகிழ்வு’ என்னும் ஊக்கவுரையையே சான்றாகக் கொள்வோம்.

ஒன்பது இயல்கள், 325 எண்கள் கொண்ட அம்மடல் வத்திக்கான் இணையதளத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. அவசரமாக வாசிக்க வேண்டாம் என 7-ஆம் எண்ணிலேயே திருத்தந்தை கேட்டுக்கொள்கிறார். நடந்ததோ வேறு. சிக்கலான மணவாழ்வுச் சூழலில் இருப்போருக்குச் சில வேளைகளில் அருளடையாளங்களின் துணையும் உண்டு எனச் சுட்டும் 351-ஆம் அடிக்குறிப்பைத் தேடியே பலர் ஓடினர். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மஞ்சள் பூசியது அங்கேதான். தேடும் சொல்லைத் தட்டியதும் திரை நேரே அவ்விடத்தில் இறக்கிவிடுகிறது. அச்சுநூலிலோ பக்கங்களைப் புரட்டியாக வேண்டும். புரட்டும் கை இடையில் எங்காவது நின்றுவிடுவதும் உண்டு.

நின்றிருக்க வேண்டிய இடம் நான்காம் இயல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் நான்கே வசனங்களை எடுத்துக்கொண்டு, 90 முதல் 119 வரை முப்பது எண்களில் சொல் சொல்லாக உரை வரைகிறார் திருத்தந்தை. பொறுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை, சினங்கொள்ளத் தாமதிக்கும் கடவுளோடு சேர்த்துப் பொருள் காண்கிறார். அடுத்து 92-ஆம் எண்ணில், தொடர்ந்து கொடுமைக்கும் அடிக்கும் ஆளாகிக் கிடப்பது பொறுமையன்று எனத் தெளிவாக்குகிறார். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் ‘பொறுத்துக்கொள், அம்மா’ என்று பெண்களுக்குச் சொல்லியே பழகிய நம் குடும்பங்களுக்கு இதைவிட அவசரமான வரி அம்மடலில் உண்டோ? அதன்மேல் மஞ்சள் படிந்த பிரதியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சொல்லருகே நின்று பொருள் கேட்பதே உரை மரபு. பரிமேலழகர் குறளுக்குச் செய்ததும் அதுவே. 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவிய ‘க்ளோசா ஓர்தினாரியா’ ஏடுகளில் விவிலிய வரி நடுவிலும், திருச்சபைத் தந்தையரின் விளக்கங்கள் ஓரத்திலும் வரிகளுக்கிடையிலும் இருக்கும். அங்கே ஓரம் பேசியது, வண்ணமோ பேசுவதில்லை. ஏன் பூசினோம் என்பது மறுவாரமே மறந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலார் ஜான் டன்லோஸ்கி குழுவினர் 2013-இல் பத்துக் கற்றல் முறைகளை ஆய்ந்தபோது, கோடிடுதலைக் குறைந்த பயனுடையவற்றில் சேர்த்தனர். தன்னைத் தானே வினவிச் சோதிக்கும் முறையை உயர்ந்த பயனுடையதாக வைத்தனர்.

திரையில் நிலையான பக்கம் இல்லை. செயலி மாறினால் பூசிய மஞ்சளும் போகலாம். ஆனால் இம்மடலின் பத்தி எண் மொழி மாறினாலும் மாறாது. ஆகவே ஒரு குறிப்பேட்டில் 92 என்று எழுதி, அருகே நமக்கு எழுந்த ஐயத்தைச் சொந்த வாக்கியத்தில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொன்னால், கைப்பேசி வைத்திருப்பவரும் அச்சுப்பிரதி வைத்திருப்பவரும் ஒரே வரிக்கு வந்துவிடுவார்கள்.