படத்தில் இருக்கும் தட்டு: ஊட்டச்சத்துச் சொல்லாடல் குறித்து

பசியைப் பேசுவது இங்கே அரசியலாக இருந்தது. ஊட்டச்சத்தைப் பேசுவது அறிவுரையாகிவிட்டது. 2001இல் பியூசிஎல் உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோன கேள்வி, கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்கையில் ஜனங்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்பது. அரசைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. 2018 மார்ச்சில் தொடங்கிய போஷண் அபியானின் பிரச்சாரத்தில் கேள்வி அப்படியே திரும்பிக்கொண்டது: தாயே, நீ ஏன் சத்தானதாகச் சாப்பிடவில்லை?

இந்தப் பிரச்சாரத்துக்கு வைத்த பெயர் 'ஜன் ஆந்தோலன்', அதாவது மக்கள் இயக்கம். யாருடைய சொல் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர் காய்கறியை அடுக்கிக் கோலம் போட்டுப் போட்டோ எடுத்து ஏற்றினால் ஒரு நடவடிக்கை கணக்கில் சேரும். எண்ணிக்கை ஏற ஏற இயக்கம் வளர்கிறதாம்.

வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றும் ஊட்டச்சத்துப் படங்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். எனக்கு வந்த பலவற்றில் மாதுளை, பாதாம், ஒரு டம்ளர் பால், கீரைக்கட்டு, பொட்டு வைத்துச் சிரிக்கும் அம்மா. மாட்டுக்கறி இல்லை, கருவாடு இல்லை, நண்டு இல்லை. இரத்தசோகை என்றால் ஆட்டின் சுவரொட்டியை வாங்கிச் சுட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இந்தச் சுவரொட்டிகளில் அந்தச் சுவரொட்டி கிடையாது (சிலேடை தானாக வந்து விழுகிறது, நான் என்ன செய்ய). மலிவான புரதத்தையும் இரும்புச்சத்தையும் படத்திலிருந்து எடுத்துவிட்டு விலையுயர்ந்ததை வைப்பது அறிவியல் செய்யும் வேலையா, சாதி செய்யும் வேலையா? 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடியில் முட்டை தரும் யோசனையை மறுத்தபோது இது வெளிப்படையாகவே நடந்தது. படங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது.

கணக்குக்கு வருவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரித் தட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும். தமிழ்நாட்டு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். மிச்சத்தை மளிகைக் கடையில் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். இந்த இடைவெளியை எந்தத் தகவல் நிரப்பும்? படம் அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாமலில்லை. தெரிந்ததைப் பேசாமலிருக்கத் தோதான வடிவம் அந்தப் படம்.

இதற்காகத் தகவலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது வயிறு நிறைந்தவர்களின் தீவிரவாதம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாக ஒட்டாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் ஒட்டும். காசு செலவில்லாத விஷயம். இதை அந்தந்த ஊர்ப் பேச்சில் ஒரு நிமிஷக் குரல்பதிவாக ஒரு பணியாளர் அனுப்பினால் எழுத்துத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிற நாட்டில் அது அற்பமான காரியமல்ல.

ஆனால் அதே ஆய்வில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடுதான், ஆண்கள் 57. அம்மாவுக்கான செய்தி அப்பாவின் சட்டைப் பையில் கிடக்கிறது. அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தக் குழுக்கள் பலவற்றில் 'நிர்வாகிகள் மட்டுமே அனுப்ப முடியும்' என்று பூட்டு போட்டிருக்கிறார்கள். மேலிருந்து கீழே வருவதற்குத் தகவல் என்று பெயர், கீழிருந்து போவதற்குத் தொந்தரவு என்று பெயர். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பூட்டு இல்லாமல்தான் இருந்தது. கொண்டைக்கடலையின் நன்மைகள் குறித்த படத்துக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார்: "போன வாரம் வந்த முட்டை அழுகல், யார்கிட்ட மாத்துறது?" அன்று சாயங்காலம் பூட்டிவிட்டார்கள்.