கருந்துளைப் பதக்கம்

கான் அகாடமி என்னும் இணையவழிக் கல்வித் தளம் மாணவரின் சிறு வெற்றியையும் கொண்டாடுவது. விண்கல், நிலா, பூமி, சூரியன், கருந்துளை எனத் தன் பதக்கங்களுக்கு அது பெயர் சூட்டியது நல்ல கற்பனை. வில்லியனூரிலோ பாகூரிலோ, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குச் சிறு பாராட்டும் பெரிய ஊன்றுகோலே.

ஆனால், பாராட்டு எதற்கு? பயிற்சிக் கணக்கைச் சரியாகச் செய்தால் புள்ளி தருவது நியாயம். அத்தளத்தில் காணொளியைப் பார்த்ததற்கும் 'ஆற்றல் புள்ளிகள்' தரப்பட்டன. நாள் முழுதும் சுவரைத் தள்ளினாலும், அது நகராவிட்டால் சுவரின்மீது நாம் செய்த வேலை பூஜ்யம் என்கிறது இயற்பியல். களைப்பு வேறு, வேலை வேறு. பார்த்தது வேறு, புரிந்தது வேறு அல்லவா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்றை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்டனர். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைவது குறைந்துபோயிற்று. எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்றவர்களிடம் அக்குறை தோன்றவில்லை.

ஆகவே, பதக்கம் தூண்டில் ஆகிவிடக் கூடாது. "சென்ற வாரம் நிறையையும் எடையையும் குழப்பினாய், இன்று சரியாகப் பிரித்துச் சொன்னாய்" என்று ஆசிரியர் கூறும் ஒரு வரி, மாணவர் எதை வென்றார் என்பதை அவருக்கே காட்டுகிறது. கருந்துளைப் பதக்கம் அதைச் சொல்வதில்லை.