கூட்டம் சேர்ந்த பிறகு

காசு வாங்காமல் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குவதில் பெரிய சிரமம் இல்லை. நாலு பேர் மனது வைத்தால் போதும். அது பலித்து, ஆள் சேர்ந்து, கூட்டமான பிறகும் காசு வாங்காமலே நடத்துவதில்தான் பாடு இருக்கிறது. வாரம் ஒருமுறை பொது இடத்தில் கூடி ஓடும் பழக்கத்துக்கும் இதே கதைதான்.

லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2ஆம் தேதி, காலில் காயம்பட்டு ஓட முடியாதிருந்த பால் சின்டன்-ஹியூவிட் நண்பர்களைக் கூப்பிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டார். ஓடியவர்கள் 13 பேர். யார் எத்தனையாவதாக வந்தார் என்று குழம்பாமலிருக்க, ஹார்டுவேர் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் பொறித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை, கட்டணமில்லை, பரிசில்லை, நேரம் மட்டும் குறித்துத் தரப்படும். இவ்வளவுதான் ஏற்பாடு. அதுதான் பிறகு ‘பார்க்ரன்’ என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்களும் அதில் ஓடுகிறார்கள்.

வளர்ந்ததும் வில்லங்கம் வந்தது. 2016இல் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவை வைத்திருந்த ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி, வாராவாரம் முந்நூறு பேர் ஓடிப் பாதை தேய்கிறது, பராமரிப்புக்குப் பணம் கொடுங்கள் என்றது. ‘எங்கும் யாரிடமும் காசு இல்லை’ என்ற கொள்கையை விட மனமில்லாமல் அங்கே ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த சண்டை 2024இல். அதிவேகமாக ஓடியவர்களின் சாதனைப் பட்டியல்களைப் பார்க்ரன் தன் தளத்திலிருந்து எடுத்தது. மெதுவாக நடப்பவர்கள் அவற்றைப் பார்த்து மிரளக்கூடாது என்பது அமைப்பின் வாதம். ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போனார்கள்.

இந்த இரு சண்டைகளுக்கும் அடியில் இருப்பவை இரண்டு கேள்விகள். இடம் யாருடையது, அதன் செலவு யார் தலையில்? இது பந்தயமா, பழக்கமா? இலங்கையும் தமிழ்நாடும் இவற்றுக்குக் கிட்டத்தட்ட நேரெதிரான விடைகளை வைத்திருக்கின்றன. அவற்றை ஒப்பிட கீழ்புத்துப்பட்டு நல்ல இடம். மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, காலாப்பட்டைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் இந்த ஊரில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்த காடும் இருக்கின்றன. பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். சற்றுத் தள்ளி ஆரோவில். இரு கரைகளின் பழக்கங்களும் சில மைல்களுக்குள் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன.

முதலில் இலங்கை. அங்கே ஊர் ஓட்டம் என்றால் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாதான். நாள் மரதன் ஓட்டத்தோடும் சைக்கிளோட்டத்தோடும் விடியும். வழுக்குமரம், கயிறிழுத்தல், தலையணைச் சண்டை எல்லாம் மத்தியானத்துக்கு மேல். சனசமூக நிலையத்தின் முன்னால் பிள்ளைகள் காலில் சித்தாலேப தைலம் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேருக்குச் சப்பாத்து இருக்காது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும், பின்னால் ஒரு ஓட்டோ வரும். வழிநெடுகப் படலையடியில் பெண்கள் வாளியில் தண்ணீரும் தேசிக்காய்த் துண்டுகளுமாக நிற்பார்கள். “ஓடு தம்பி, முன்னுக்கு ரெண்டு பேர்தான்” என்று தெரியாத பிள்ளைக்கும் குரல் கொடுப்பார்கள். நடத்துவது ஊர் விளையாட்டுக் கழகம். பரிசுக்கான சாமான்களைக் கடைக்காரர் யாராவது தருவார். நுழைவுக் கட்டணம் என்ற பேச்சே எழாது.

பணத்தையும் கைகளையும் பொறுத்தவரை இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது. சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் நிரந்தரமானவை. தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பு, கணக்குப் புத்தகம் எல்லாம் உண்டு. யாரைக் கேட்பது, யார் தண்ணீர் கொண்டுவருவது என்று ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் அது பந்தயம். முதல் மூன்று இடத்துக்கு வாய்ப்பில்லாதவர் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்த ஓட்டத்தில் இடம் படலையடியில்தான், வாளியோடு. அதோடு அது வருடத்தில் ஒரு நாள்.

பாடசாலைகளிலும் இதே கதை. வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். அதையொட்டி மரதன் ஓட்டம் ஊர்த் தெருக்களில் போகும். மாசி, பங்குனி வெயில் ஏறும் நேரம் அது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதனில் ஓடிய பதினாறு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ஊர் மருத்துவமனை வாசலில் கூடியது. வாராவாரம் மெல்ல ஓடிப் பழகிய உடம்புக்கும், ஒரே நாளில் இல்லத்தின் மானத்துக்காக இறக்கப்படும் உடம்புக்கும் வித்தியாசம் உண்டு. பந்தயம் மட்டுமே தெரிந்த ஊரில் அந்த வித்தியாசத்தைக் கவனிக்க ஆளில்லை.

தீவின் நகரங்களில் வேறொரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. கொழும்பில் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி, யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரம், மட்டக்களப்பில் 2013இல் புதுப் பாலம் திறந்தபின் பாரம் குறைந்த பழைய கல்லடிப் பாலத்தில், காலையும் மாலையும் ஆட்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். இங்கே பந்தயம் இல்லை. பெரும்பாலும் குழுவும் இல்லை. தனித்தனியாக வருகிறார்கள், போகிறார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

இக்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஓட்டத்தைப் பந்தயமாக்கும் வெறி குறைவு. நம் பூங்காக்களின் ராஜா நடைதான். எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை இல்லாத மாநகராட்சிப் பூங்கா அபூர்வம். சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு, பேசிக்கொண்டே சுற்றும் அம்மாக்கள் இல்லாத காலையும் அபூர்வம். மூன்று பேர் கைகோத்து வந்தால் பாதை அடைபட்டுவிடும். பின்னால் ஓடிவருபவர் “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்று கெஞ்சவேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஓடினால் சண்டைதான். பெங்களூரு இந்திராநகர்ப் பூங்கா ஒன்றில் 2024இல் வைத்த பலகை நாடெங்கும் சிரிப்பைக் கிளப்பியது: ஓடக்கூடாது, கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் நடக்கவும் கூடாது. சிரிக்கலாம். ஆனால் முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர் மேல் ஓட்டக்காரர் மோதியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையின் கவலை புரியும். பூங்கா எல்லோருக்கும் பொது என்றால் மெதுவாகப் போகிறவருக்கே முதல் உரிமை.

பாதை போதாததால் ஓட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ், வார இறுதிகளில் விடியுமுன் கூடி ஓடும் பழக்கத்தை நகரத்தில் ஊன்றியது. கூட்டம் பெருகியபோது ஒரே இடத்தில் குவியாமல் பகுதிக்கு ஒரு கிளையாகப் பிரிந்தது. அது செய்த நல்ல காரியங்களில் முதலாவது இதுவே. ஆனால் பொதுவாக நம்மூரில் ஓட்டம் கொஞ்சம் பெரிதானால் மேடை முளைத்துவிடும். பதிவுக் கட்டணம், டி-ஷர்ட், பதக்கம், விளம்பரதாரர் பேர் போட்ட வளைவு, ஓட்டம் முடிந்ததும் வெண்பொங்கல் பொட்டலம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் ஐந்தரைக்குத் தொடங்கவேண்டியது ஆறேகாலுக்குத் தொடங்கும். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

அரசும் இறங்கியிருக்கிறது. 2023 நவம்பர் 4ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டு நடை, கூடவே மருத்துவப் பரிசோதனை. நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடிய மா. சுப்பிரமணியன் அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்ததால் சாத்தியமான திட்டம் என்று சொன்னால் மிகையல்ல. இலவசம், பந்தயமும் இல்லை. ஆனாலும் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் மரக்காணத்துக்காரர் விழுப்புரம் போய் நடக்கமுடியுமா? நடத்துவது அதிகாரிகள் என்பதால் அதிகாரி மாறினால் உற்சாகமும் மாறும். இலங்கையின் சனசமூக நிலையத்துக்கு இருப்பது இதற்கு இல்லை: ஊர்க்காரரே பொறுப்பு என்ற பிடிப்பு.

ஆரோவில் மாரத்தான் இன்னொரு வழி காட்டியது. 2008இல் தொடங்கி, பிப்ரவரி மாதங்களில் செம்மண் காட்டுப் பாதைகளில் நடந்துவந்தது. பரிசு கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, யார் முந்தினார் என்ற கேள்வியே கிடையாது. பெயர் பரவிக் கூட்டம் அதிகமானபோது பாதை தாங்குமளவுக்கு ஆளை வரம்பிட்டுக்கொண்டார்கள். பந்தயத்தை உதறுவதில் இவ்வளவு தெளிவாக இருந்த ஓட்டம் நம் பக்கத்தில் வேறில்லை. ஆனால் இதற்கும் கட்டணம் இருந்தது, இதுவும் வருடத்துக்கு ஒரு நாள்.

இரு கரைகளையும் எதிரெதிரே வைத்தால் கணக்கு இப்படி வருகிறது. இலங்கை ஊரில் காசு இல்லை, பந்தயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பந்தயம் இல்லை, காசோ மேடையோ இருக்கிறது. அங்கே ஊர்க் கழகம் இருக்கிறது, வாராவாரம் கூடும் வழக்கமில்லை. இங்கே வாராவாரம் கூடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தாங்கும் ஊர் அமைப்பு இல்லை. இரு கரையும் கூட்டத்தைப் பார்த்தால் ஒரே தவறைச் செய்கின்றன: அதைத் திருவிழாவாக்கிவிடுகின்றன. திருவிழாவுக்கு வருடம் முழுக்க உழைக்க ஆள் கிடைக்கும். சனிக்கிழமை தோறும் கடிகாரத்தோடு நிற்க ஆள் கிடைப்பதில்லை.

பெருகுவது எப்படி என்பதை மரக்காணத்து உப்பளக்காரர்களிடம் கேட்கலாம். நிறைய உப்பு வேண்டுமென்று அவர்கள் ஒரே பெரிய குளமாக வெட்டுவதில்லை. ஆழமான நீரில் உப்பு விளையாது. ஆழமில்லாத சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து வரப்புக் கட்டுகிறார்கள். பார்க்ரன் தப்பிப் பிழைத்ததும் இப்படித்தான். புஷி பூங்காவைப் பெருக்கிக்கொண்டே போகாமல் 2007இல் விம்பிள்டனில் இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு பூங்காவுக்குப் பூங்கா பிரிந்துகொண்டே போனார்கள்.

கீழ்புத்துப்பட்டில் இப்படி ஒன்று வேண்டுமென்றால் எங்கே ஓடுவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூடவே கூடாது. நாலுவழியாக அகலப்படுத்தும் சாலையில் வாகனங்களின் வேகம் கூடுமே தவிரக் குறையாது. அய்யனார் காட்டுக்குள்ளும் வேண்டாம். பொங்கலிடவும் நேர்த்திக்கடன் செலுத்தவும் வாராவாரம் கூடும் பக்தர் கூட்டத்தால் அந்த உலர் பசுமைமாறாக் காடு ஏற்கெனவே ஓரங்களில் தேய்ந்துவருகிறது. காசில்லாமல் கூடும் கூட்டமும் மண்ணிடம் ஒரு விலை வாங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடலாம், ஏரிக்கரையில் ஓடலாம். ஐந்து கிலோமீட்டர் கிடைக்காவிட்டால் இரண்டு போதும். வெயிலுக்கு முன், ஆறு மணிக்குள் முடித்துவிடவேண்டும்.

முகாமும் ஊரும் ஒரே நோட்டில் பேர் எழுதி ஓடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 1990க்குப் பின் வந்து சேர்ந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இங்கே வளர்கிறது. வெளியூர் போக அனுமதி கேட்டுப் பழகியவர்களுக்கு, விண்ணப்பம் இல்லாமல் ஊராரோடு சேர்ந்து செய்யக்கூடிய காரியங்கள் அதிகமில்லை. கழகம் கட்டி நடத்தும் இலங்கை வழக்கமும், போட்டியில்லாமல் கூடி நடக்கும் தமிழ்நாட்டு வழக்கமும் கைகோக்க இதைவிடத் தோதான ஊரும் இல்லை.

விதிகள் நீளமாக வேண்டாம். மைக் கூடாது, பேனர் கூடாது, பரிசு கூடாது. கடைசியில் வருபவருக்குத் துணையாக ஒருவர் கூடவே நடக்கவேண்டும். வரவு நூறைத் தொட்டால் கொண்டாடாமல் பக்கத்து ஊரில் இன்னொன்று தொடங்கவேண்டும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஓட ஆள் தேடி அலையவேண்டியதில்லை. அவர்கள் வருவார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் ஓடாமல் நிற்கப்போகும் நாலு பேர் யார் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்கினால் போதும்.