யாருடைய பாதுகாப்பு?

திருநள்ளாறு நளதீர்த்தத்தில் முழுகி, ஈரச் சேலையோடு படியேறும் பெண் முதலில் தேடுவது உடை மாற்ற ஒரு மறைவிடம். இப்போது இன்னொன்றையும் தேடவேண்டியிருக்கிறது: கண்காணிப்புக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? கேட்டால், "உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா" என்பார்கள். அந்தப் பதிலைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு பொதுநல மனுக்கள் வந்தன. காரைக்கால்காரர்களான எங்களுக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். இணையத்தில் அவதூறு பரப்புகிறவர்களையும் தொல்லை தருகிறவர்களையும் பிடிக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அடையாளத்துடன் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. போகப்போக ஆதார் பேச்சு பின்னுக்குப் போய், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வழக்கு விரிந்தது. முடியும் என்று வழி சொன்னார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வருமுன்பே, 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அதை விதியாக்கியது. தகவல் தொழில்நுட்ப விதி 4(2) அடுக்கும் காரணங்களில் நாட்டின் இறையாண்மையோடு பாலியல் வன்கொடுமையும் இருக்கிறது.

தொல்லைக்கு ஆளான பெண்ணின் வலி பொய்யல்ல. ஆனால் பல நேரம் தொல்லை தருகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியும். புகாரை வாங்கத்தான் ஆளில்லை. அந்தக் குறைக்கு மருந்தாக எல்லாருடைய செய்தியிலும் அடையாளக் குறி போடுகிறோம் என்கிறார்கள். கணவன் அடிப்பதை வக்கீலுக்கு எழுதுகிறவளும், சாதி மீறிக் காதலிக்கிறவளும் நம்பியிருக்கும் பூட்டு அதனால் தளரும்.

2017 ஆகஸ்ட் 24-இல் 9 நீதிபதிகள் வழங்கிய புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அப்படியோர் உரிமை இல்லையென்ற 1962-இன் கரக் சிங் தீர்ப்பின் பகுதியைத் தள்ளியது. அந்தரங்கம் என்ற பெயரில் வீட்டு வன்முறை மறைக்கப்படுகிறது என்ற பெண்ணியர் விமர்சனத்தையும் நீதிபதி சந்திரசூட் அதில் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த முடிச்சைக் காட்டியதோடு சரி, அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் வழி நம் அனுபவத்திலேயே இருக்கிறது. அவள் கூப்பிட்டு அரசு உள்ளே வருவது உதவி. கூப்பிடாமலே எல்லா வீட்டிலும் காது வைப்பது வேவு.

2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஓர் ஊழல் வழக்கில் 2011-இல் போடப்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம் சொல்லும் 'பொதுப் பாதுகாப்பு' ஆகாது என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே வழக்காடியவர் ஒரு நிறுவனத்தின் தலைவர். ஒட்டுக்கேட்கப்படுவதே தெரியாத பெண் எந்தப் படியேறுவாள்? உத்தரவு போடுவது உள்துறைச் செயலர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் செயலர்களே. நீதிபதி ஒருவர்கூட இல்லை.

ஆகவே "பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால், மாணவியரே, பதிலுக்குக் கேளுங்கள்: எந்தச் சட்டப்படி? பதிவை யார் பார்ப்பார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தவறினால் யாரிடம் முறையிடுவது? குளக்கரையில் நாங்கள் கேட்டது கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. அதற்கான பதில் இன்னும் வரவில்லை.