ஒரு ஓமர் மன்னாவும் 555 நோட்டும்

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்காத தமிழ்க் கிறித்துவர் இருக்க மாட்டார். வனாந்தரத்தில் பசித்த ஜனங்களுக்கு மாலையில் காடை, காலையில் மன்னா. அன்றைக்குக் கொடுத்தவர் இன்றைக்கும் கொடுப்பார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அப்படியே கேட்டு வளர்ந்தவன்தான். பிரசங்கத்தை ஒதுக்கிவிட்டு, அதை ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசித்தபோதுதான் இது பால்வெட்டுக்காரர்களுக்காக எழுதியது போல இருக்கிறதே என்று பட்டது.

மன்னாவை விடியலில் பொறுக்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். ரப்பர் பாலும் குளிர்ந்த விடியலில்தான் நன்றாக வடியும். மன்னாவை மறுநாளைக்கு வைத்தால் புழு. மங்கிலேயே விட்ட பால் உறைந்து கட்டியாகிவிடும். அங்கே தலைக்கு ஒரு ஓமர், இங்கே நாள் கூலி. வித்தியாசம் மழைதான். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும், மங்குக்கு வராது. பெரட்டுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

என் பாட்டி நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். மூன்றரை மணிக்கே எழுந்து, "மழ விட்டுருச்சான்னு பாருய்யா" என்பார். விடவில்லை என்றால் முகம் மாறாது. "கர்த்தர் பாத்துக்குவாரு." அப்புறம் கடைக்கு ஆள் போகும், கையில் 555 நோட்டோடு. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். கர்த்தர் பார்த்துக்கொண்டதைக் கடைக்காரர் எழுதி வைத்துக்கொண்டார் என்று சின்ன வயதில் நான் கிண்டல் செய்ததுண்டு.

பிரசங்கங்கள் தவறவிடும் இடம் ஒன்று இந்த அதிகாரத்தில் இருக்கிறது. மன்னா வருவது ஜெபத்துக்குப் பதிலாக அல்ல, முறுமுறுப்புக்குப் பதிலாக. ஜனங்கள் புலம்புகிறார்கள், கடவுள் அந்தப் புலம்பலைக் கேட்டேன் என்கிறார், சாப்பாடு வருகிறது. ஆனால் நான் கேட்ட பிரசங்கங்களில் முறுமுறுப்பது எப்போதும் பாவம்தான். மழை நாளுக்கும் கூலி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை காலம் கேட்டார்கள்! அவர்களுடைய தேசியச் சங்கம் 1954இல் உருவானது. அதை நெடுங்காலம் நடத்திய பி.பி. நாராயணன் சிரம்பானிலிருந்து தொடங்கியவர். வேதத்தின்படி பார்த்தால் சங்கக் கூட்டம்தான் யாத்திராகமம் 16க்குக் கிட்ட வருகிறது. இதைச் சொன்னால் சபையில் முறைப்பார்கள்.

இதே பகாவில் நம்பிக்கை இன்னொரு விதமாகச் சோதிக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூரின் யுரேசிய, சீனக் கத்தோலிக்கர்களைக் காட்டை அழித்துப் பயிர் செய்ய இங்கே கொண்டுவந்தார்கள். ஆயர் அட்ரியன் டிவால்ஸ் அவர்களோடு வந்து தானும் மண்வெட்டி பிடித்தார். மண் விளையவில்லை, மலேரியா விளைந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். காலில் பட்ட காயம் முற்றி ஆயரும் 1945 ஜனவரியில் இறந்தார். மன்னா வரவில்லை. அதனால் அவர்கள் விசுவாசம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'அன்றைக்குக் கொடுத்தவர்' பிரசங்கத்தை அந்தக் குழிமேடுகளுக்கு முன்னால் வைக்கவும் முடியவில்லை.

நம் தோட்டத்துக் கதைகளில் மாரியம்மன் உண்டு, முனியாண்டி உண்டு, கள்ளுக்கடை கண்டிப்பாக உண்டு. நான் வாசித்தவரையில் ஜெபவீடு அபூர்வம். வந்தாலும் அடங்கிப்போகிற ஆளைக் காட்டத்தான் வருகிறது. பாட்டியை அப்படி எழுத முடியாது. வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றையும் தோட்டம்தான் கொடுத்தது, கொடுத்ததாகச் சொல்லிக் காட்டவும் செய்தது. தீபாவளிக்குத் துரை பங்களா முன்னால் எல்லாரும் கும்பிட்டு நிற்கும்போது பாட்டி வரமாட்டார். "அவரு என்னத்த குடுத்தாரு? கர்த்தர்ல குடுக்குறாரு." துரைக்கு நன்றிக்கடன் பட மறுக்க அவரிடம் இருந்த ஒரே வார்த்தை அது. பசியைத் தீர்க்காத விசுவாசம் குனிவதைத் தடுத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற கதைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

மன்னா எப்போது நின்றது என்பதை யோசுவா 5 சொல்கிறது: ஜனங்கள் கானானுக்குள் வந்து, அந்த நிலத்தின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள். நிலம் கிடைத்தது, மன்னா நின்றது. இங்கே நிலம் கிடைக்காமலே நின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கமெல்லாம் தோட்டங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டங்கள். பாட்டி கடைசி ஆறு வருஷம் சிரம்பானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தார்.

ஒரு ஓமர் மன்னாவைப் பாத்திரத்தில் போட்டுத் தலைமுறைகளுக்காக வைக்கச் சொல்கிறது அதே அதிகாரம். பாட்டியின் வேதாகமத்துக்குள் ஒரு 555 நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் அரிசி 10 கிலோ, சீனி, பால் டின். மேலே குறுக்குக்கோடு இல்லை.